கீரி வைத்தியரின் வேர்

கரட்டுக் காட்டில் ஒரு கீரி வைத்தியம் பார்த்து வந்தது. அதன் பெயர் சூரப்பன். கெட்ட கீரி என்று சொல்ல முடியாது. காய்ச்சலுக்கும் காலில் தைத்த முள்ளுக்கும் நல்ல கைராசி. ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ரகம்.

அந்தக் கோடையில் சூரப்பன் ஒரு வேரைக் கண்டுபிடித்தது.

"இது பாம்பு விஷத்தை முறிக்கும். இந்தக் கோடையில மூணு தடவை நாகம் என்னைக் கடிச்சிருக்கு. மூணு தடவையும் இந்த வேரை மென்னேன். இதோ, உசுரோட நிக்கிறேன்" என்று காடெல்லாம் சொல்லித் திரிந்தது.

மற்ற பிராணிகளுக்கும் அந்த வேர் கேட்குமா என்று பார்க்க வேண்டும். அதற்கு யாராவது கடிபட வேண்டும். சூரப்பன் புற்றுக்குப் போய் நாகப்பாம்பிடம் பேசியது. பாம்பு உடனே ஒப்புக்கொண்டது. அதற்கென்ன நஷ்டம்?

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பிராணியின் உடம்பில் புது மருந்தைச் சோதிப்பதற்கு முன்னால், மூன்று பேர் உட்கார்ந்து அதை விசாரிக்க வேண்டும். அவர்கள் சரி என்ற பிறகு, சம்மதிக்கிற பிராணி குளத்துச் சேற்றில் காலைப் பதிக்கும். அதுதான் சம்மதம்.

சூரப்பன் வழக்கத்தை மீறவில்லை. மூன்று பேரை உட்கார வைத்தது. ஒன்று அதன் தம்பி, ஒன்று மைத்துனன், ஒன்று சித்தப்பா. மூன்றும் கீரிகள்.

"அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றது தம்பிக் கீரி. ஒரு கொட்டாவி விடும் நேரத்தில் விசாரணை முடிந்தது.

அந்த வருஷம் ஒரே ஒரு குளத்தில்தான் தண்ணீர் இருந்தது. கீரிகள் கரையில் நின்றுகொண்டன. "காலைப் பதிச்சிட்டுத் தண்ணி குடி" என்றன.

முதலில் ஒரு எலி பதித்தது. காலையில் பாம்பு அதைக் கடித்தது. எலி வேரை மென்றது. வெயில் உச்சிக்கு வருவதற்குள் அதன் கால்கள் விறைத்துப்போயின. அது கத்தக்கூட இல்லாமல் செத்துப்போனது.

"சரியா மெல்லலை. அடுத்தது யாரு?" என்றது சூரப்பன்.

அடுத்த தடம் பூவாயி என்ற முயலுடையது. வளையில் அதற்கு இரண்டு குட்டிகள். நாக்கு வறண்டு வந்த நேரத்தில் பதித்த கால் அது.

"நாளைக்குக் காலையில வந்துடு" என்றது சூரப்பன்.

எலியின் விறைத்த கால்கள் பூவாயியின் கண்ணை விட்டுப் போகவில்லை. அது பாறைச் சரிவுக்கு ஓடியது. அங்கே முனியம்மா என்ற முள்ளம்பன்றி இருந்தது. அதை யாரும் விசேஷத்துக்குக் கூப்பிடுவதில்லை. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையைப் பார்த்து, "மூத்த சம்சாரம் எப்படிச் செத்தா?" என்று கேட்ட வாய் அது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முனியம்மா சொன்னது: "வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா தண்ணி கிடையாதுக்கா. குட்டிங்க ரெண்டும் சுருண்டு கிடக்குதுங்க."

"அப்போ அதுக்குப் பேரு சம்மதம் இல்லை. காலையில நானும் வரேன்."

மறுநாள் காலை, குளக்கரை. பாம்பு படம் எடுத்து நின்றது. பூவாயியின் காதுகள் முதுகோடு ஒட்டிக்கொண்டன. பாம்பு ஒரு முழம் முன்னால் வந்தது.

முனியம்மா முட்களை விரித்துக்கொண்டு நடுவில் வந்து உட்கார்ந்தது.

"நீ யாரு குறுக்க வர? விசாரணை எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்று சீறியது மைத்துனன்.

"விசாரிச்சது யாரு?"

"எங்க வீட்டு ஆளுங்க."

"அதனாலதான் வந்தேன். வைத்தியரே, இந்த வேரு கிடைக்கிறதுக்கு முன்னாடி உம்மைப் பாம்பு கடிச்சதுண்டா?"

"ஏன் இல்லாம? சின்ன வயசுல எத்தனையோ தடவை."

"அப்போ உமக்கு என்ன ஆச்சு?"

சூரப்பன் வேரைக் கீழே வைத்தது.

"ஒண்ணும் ஆகலை" என்றது மெதுவாக.

கீரிக்கு நாகத்தின் விஷம் லேசில் ஏறாது. சூரப்பனுக்கும் அது தெரியும். தம்பி, மைத்துனன், சித்தப்பா எல்லோருக்கும் தெரியும். பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம் என்பதால் ஒருவருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை.

"அப்போ வேரு செஞ்சது என்ன?" என்றது முனியம்மா.

பாம்பு ஏமாற்றத்தோடு படத்தைச் சுருக்கிக்கொண்டு புற்றுக்குத் திரும்பியது. சூரப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது.

"அந்த எலியை நான்தான் கொன்னுட்டேன்" என்றது.

இல்லை என்று அதன் சொந்தத் தம்பிகூடச் சொல்லவில்லை. கீரிகள் கரையை விட்டு விலகின. பூவாயி தண்ணீரில் வாய் வைத்தது. பிறகு குட்டிகளைக் கூட்டிவர வளைக்கு ஓடியது.

அடுத்தவர் உயிரை வைத்துச் செய்யும் எந்தச் சோதனையையும், செய்பவருக்கு வேண்டியவர் அல்லாத ஒருவர் முதலில் கேள்வி கேட்டுப் பார்த்தே ஆகவேண்டும்.