பினாங்கில் ஒரு காதுகுத்து

கொட்டாங்குளத்துக்காரர்களிடம் ஒரு வேலையைச் சொன்னால், சொன்னதைச் சொன்னபடியே செய்துவிடுவார்கள். அவர்களிடம் உள்ள ஒரே சிக்கல் அதுதான்.

அந்த ஊர் மாசிலாமணிக்கு ஒரே தங்கை பேச்சியம்மா. வாழ்க்கைப்பட்ட இடம் சிங்கப்பூர். அவளுடைய மகள் பூவிழிக்கு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்குள் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். தோடும் தாய்மாமன்தான் கொண்டுவர வேண்டும். பேச்சியம்மாவின் கவலை நியாயமானது. அவள் கல்யாணத்துக்கே மாசிலாமணி போய்ச் சேர்ந்தபோது பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். 'சுற்றமும் நட்பும் சூழ வருக' என்று பத்திரிகையில் போட்டிருந்ததால், சுற்றம் மொத்தமும் வந்து சூழும்வரை மனிதர் பேருந்து நிலையத்திலேயே காத்திருந்தார்.

"அண்ணே, இந்தத் தடவையும் நீ வரலைன்னா என் மாமியா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டும்" என்றாள் பேச்சியம்மா போனில். "பிளேன்ல என்ன சொல்றாங்களோ அதை அப்படியே கேட்டு நட. எதுத்து ஒரு வார்த்தை பேசாத."

மாசிலாமணி அதை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். துணைக்கு இரண்டு பேர்: சித்தப்பா தவசி, மச்சினன் ஒச்சப்பன். தவசி யோசிப்பதில் கெட்டிக்காரர் என்று ஊரில் பெயர். ஊர் கொட்டாங்குளம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவும்.

விமானம் கிளம்பும்முன் ஒரு பெண் வந்து மூச்சுக்கவசத்தை மாட்டிக் காட்டினாள். குழந்தையோடு இருப்பவர்கள் முதலில் தங்களுக்கு மாட்டிக்கொண்டு, பிறகுதான் குழந்தைக்கு மாட்ட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

"மொதல்ல தனக்கு, அப்புறம் பிள்ளைக்கு" என்றார் தவசி. "அருமையான சட்டம். எழுதிக்க மாசி."

மாசிலாமணி எழுதிக்கொண்டார். உப்புமா வந்தது. தவசி தன்னுடையதைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, மூவரில் இளையவனான ஒச்சப்பனுக்கு ஊட்டிவிட்டார். ஒச்சப்பனுக்கு வயது நாற்பத்திரண்டு. சமர்த்தாக வாயைத் திறந்தான்.

சிங்கப்பூரை நெருங்கும் நேரத்தில் மறுபடியும் ஒலிபெருக்கி. அங்கே இடியும் மழையும், இறங்க வழியில்லை, விமானம் பினாங்குக்குப் போகிறது. சுற்றி இருந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். கொட்டாங்குளத்து மூவரும் கைதட்டினார்கள்.

"காதுகுத்து சிங்கப்பூர்லல்ல மாமா?" என்றான் ஒச்சப்பன்.

மாசிலாமணி தாளை எடுத்துப் பார்த்தார். "எதுத்துப் பேசக் கூடாதுன்னு இருக்கு."

"காதுகுத்துக்கு என்னடா வேணும்?" என்றார் தவசி. "மாமன் வேணும், இருக்கான். தோடு வேணும், இருக்கு. ஊரு எதுவா இருந்தா என்ன? பினாங்குக்காரனுக்குக் காது இல்லையா?"

பினாங்கில் இறங்கி ஒரு மணி நேரம் ஆவதற்குள் வானம் தெளிந்துவிட்டது. கமலவேணி என்ற விமான நிலையப் பெண் ஓடிவந்தாள்.

"சிங்கப்பூர் பயணிங்க எல்லாம் ஏறுங்க! நீங்க ஏன்ணே உக்காந்திருக்கீங்க?"

"நாங்க பினாங்குப் பயணிங்க" என்றார் மாசிலாமணி.

"டிக்கெட்டுல சிங்கப்பூர்னு இருக்குலா!"

"அது பழைய சேதிம்மா" என்றார் தவசி. "ஆகாசத்துல மாத்திட்டாங்க. நீ கீழ இருந்ததால உனக்குத் தெரியல."

கமலவேணி கெஞ்சிப் பார்த்தாள். கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தாள். கடைசியில் அவர்கள் பினாங்குக்குள் போகப் பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். விமானம் அவர்களை விட்டுவிட்டுப் பறந்தது. மூவரும் எழுந்து நின்று கையாட்டினார்கள்.

ஒன்பதரைக்குப் பேச்சியம்மா வீடியோவில் வந்தாள். பின்னால் மாமியார் நின்றிருந்தார். விவரம் கேட்டுப் பேச்சியம்மா அழுத அழுகையில் மாமியாரே இறங்கி வந்தார்.

"சரி விடு. மாமன்காரன் போன்லயாவது மடியில வச்சுக்கட்டும். நம்ம ஆசாரி இங்க குத்தட்டும்."

பேச்சியம்மா கண்ணைத் துடைத்தாள். "அண்ணே, கேட்டியா? பூவிழியை போன்ல காட்டுறேன். அப்படியே மடியில வச்சுக்க. ஒரு சடங்கும் விட்டுப்போகக் கூடாது. இதுலயாவது என் மானத்தைக் காப்பாத்து."

மாசிலாமணி அதையும் தாளில் எழுதிக்கொண்டார். இந்தத் தடவை தங்கையைக் கைவிடுவதில்லை என்று முடிவு செய்தார்.

வாடகைக் காரில் ஏறி நகைப்பட்டறை ஒன்றுக்குப் போனார்கள். மாசிலாமணி சம்மணம் போட்டு, போனை மடியில் சாய்த்துவைத்தார். திரையில் பூவிழி பொக்கை வாயால் சிரித்தாள்.

"மொதல்ல மொட்டை" என்றார் தவசி.

ஒச்சப்பன் போனின் உறையை உரித்து எடுத்தான். பின்பக்கம் வழவழவென்று இருந்தது. சந்தனம் பூசினார்கள்.

"அண்ணே, இது போன்லா" என்றார் பட்டறை ஆசாரி பாலகுரு.

"எங்க வீட்டுப் பிள்ளை" என்றார் மாசிலாமணி. "குத்துங்க."

"இருங்க மாமா!" என்று பதறினான் ஒச்சப்பன். "தாளைப் பாருங்க. மொதல்ல தனக்கு."

தாளில் அப்படித்தான் இருந்தது. மாசிலாமணி காதைக் காட்டினார். காது குத்துவது பாலகுருவின் தொழில், குத்தினார். மாசிலாமணி போட்ட கூச்சலில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். இரண்டாவது காதுக்குத் தவசியும் ஒச்சப்பனும் அவரை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வாழைப்பழம் ஊட்ட வேண்டியிருந்தது.

"அங்க யாருக்குடி குத்துறாங்க?" என்று மாமியார் திரைக்குள்ளிருந்து கேட்டது யார் காதிலும் விழவில்லை.

மணி பத்து இருபத்தெட்டு. போனைத் தொட மாட்டேன் என்று பாலகுரு கையைக் கட்டிக்கொண்டார். நேரம் போய்க்கொண்டிருந்தது. தங்கையின் மானம் இரண்டு நிமிடத்தில் தொங்கியது. தவசி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பட்டறையில் கிடந்த துளைபோடும் மெஷினை எடுத்தார்.

"அண்ணே! என்ன பண்றீங்க? அண்ணே!" என்று பேச்சியம்மா அலறினாள்.

"பெத்தவளுக்கு மனசு பதறத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு, திரையில் பூவிழியின் காது தெரிந்த இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு துளை போட்டார் தவசி.

மணி பத்து இருபத்தொன்பது. திரை இருண்டது.

"பாத்தியா?" என்றார் தவசி பெருமையாக. "பிள்ளை ஒரு சத்தம் போடல. ஊரைக் கூட்டுனது மாமன்தான்."

மாசிலாமணி வீங்கிய காதோடு இரண்டு துளையிலும் தோட்டை மாட்டினார். பாலகுரு ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"உஸ்ஸ்" என்று தடுத்தான் ஒச்சப்பன். "பேசாதீங்கண்ணே. இப்பத்தான் கண்ணை மூடியிருக்கா."