சிங்காரி தொங்கவிட்ட முடிச்சுகள்

ஆற்றங்கரைக் காட்டில் சிங்காரி என்று ஒரு தையல்சிட்டு இருந்தாள். இலை விளிம்பை அலகால் குத்தி, இலவம்பஞ்சை நூலாகத் திரித்துக் கோத்து, இரண்டு இலையைச் சேர்த்துத் தைத்தால் தையல்சிட்டுகளுக்குக் கூடு தயார். சிங்காரிக்கு அது மட்டும் போதவில்லை.

"ஏங்க! இந்தத் தடவை நம்ம கூட்டு மேலே தோகை விரிச்ச மயிலையே பூவேலையாப் போடப் போறேன்!" என்றாள் கணவன் சொக்கனிடம்.

"போடேன், யார் வேண்டாம்னது? ஆனா நீ முட்டையிடுற நாள் நெருங்குது. முதல்லே அடி விளிம்பைத் தைச்சுடு, தாயே!"

"அதெல்லாம் எனக்குத் தெரியும்! நீங்க பஞ்சைக் கொண்டாங்க!"

பெரிய தேக்கிலை இரண்டைப் பார்த்துப் பிடித்தாள். பக்கத்து ஓரங்களை மட்டும் சேர்த்தாள். மயிலின் கழுத்து வந்தது, கொண்டை வந்தது. பிறகு தோகையில் ஒவ்வொரு கண்ணாகத் தைக்க ஆரம்பித்தாள். வேலை எவ்வளவு நடந்திருக்கிறது என்று தெரிய வேண்டாமா? ஒவ்வொரு கண்ணும் முடிந்ததும், பக்கத்துக் கருவேலங்கிளையில் ஒரு நூலை முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டாள்.

சாயங்காலம் அந்தப் பக்கம் வந்த மந்தி வாயைப் பிளந்தது. "அடேயப்பா! எத்தனை முடிச்சு! நீ பெரிய கெட்டிக்காரிதான், சிங்காரி!"

சிங்காரிக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலையில் அடி விளிம்பில் அலகு வைத்தாள். அங்கே இலை நரம்பு தடிமன். குத்தினால் அலகு வலித்தது, இழுத்தால் நூல் அறுந்தது. உச்சிவேளை ஆகியும் ஒரு முடிச்சுகூடத் தொங்கவில்லை.

'சாயங்காலம் மந்தியக்கா வந்தா எதைக் காட்டுறது?' என்று நினைத்தவள், விளிம்பை அப்படியே போட்டுவிட்டுத் தோகைக்குப் போனாள். அடுத்த நாள் தோகைக் கண்களைச் சின்னதாக்கினாள், முடிச்சு கூடியது. தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று நூலையும் நீளமாகவே விட்டாள். சாமர்த்தியத்தைப் பாருங்கள்!

"அடி விளிம்பு என்னாச்சு?" என்று சொக்கன் தினமும் கேட்டான்.

"நாளைக்கு!" என்று அவளும் தினமும் சொன்னாள்.

ஒருநாள் பெருங்காற்று அடித்து ஓய்ந்தது. அன்று மதியமே சிங்காரிக்கு வயிறு கனத்தது. "ஏங்க, இன்னிக்கே முட்டை வந்துடும் போலிருக்கு!" என்று கூட்டுக்குள் இறங்கினாள். தைக்காத அடி விளிம்பு வழியே கால் வழுக்கி வெளியே தொங்கியது. கீழே வெறும் பாறை.

"பஞ்சு! சீக்கிரம் பஞ்சு கொண்டாங்க!"

பறந்து போன சொக்கன் வெறும் அலகோடு திரும்பினான். "இலவமரத்திலே ஒண்ணுமில்லை, சிங்காரி. காத்து துடைச்சு எடுத்துட்டுப் போயிடுச்சு."

அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது. நிமிர்ந்து பார்த்தாள். கருவேலங்கிளை முழுக்க நூல் ஆடிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து மந்தி வந்து சேர்ந்தது. "சிங்காரி! என் தங்கச்சியையும் கூட்டிட்டு வந்திருக்கேன். உன் முடிச்சையெல்லாம் காட்டு!"

சிங்காரி அவர்கள் கண்ணெதிரே முதல் முடிச்சை அவிழ்த்தாள்.

"ஐயையோ! இத்தனை நாள் வேலையும் போச்சே!"

"வேலை இனிமேதான் இருக்கு, மந்தியக்கா!" என்றாள்.

அவிழ்த்த நூலைக் கோத்து அவள் உள்ளிருந்து குத்த, சொக்கன் வெளியிலிருந்து இழுத்தான். அலகு எரிந்தது. அவள் நிறுத்தவில்லை. கிளையில் கடைசி முடிச்சும் தீர்ந்தபோது விளிம்பு மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் முட்டை வந்தது. விழாமல் கூட்டிலேயே தங்கியது.

மறுநாள் சாயங்காலம் மந்தி வந்தது. கிளை மொட்டையாக இருந்தது. கூட்டின் மேல் மயில் பாதித் தோகையோடு நின்றது.

"என்ன சிங்காரி, இன்னிக்கு ஒண்ணுமே காணோம்?"

முட்டைமேல் உட்கார்ந்திருந்த சிங்காரி கழுத்தை மட்டும் வெளியே நீட்டினாள்.

"மெதுவாப் பேசுங்க, அக்கா!" என்றாள்.

செய்ததை எண்ணிக் காட்டுவதிலேயே மயங்கிக் கிடப்பவர், செய்தே ஆகவேண்டியதைக் கோட்டை விடுவார்.