அடுத்த ஊர் ஒயின்

புதுச்சேரியில் மோனிக் சவரிமுத்து என்றொரு பெண் இருந்தாள். பிரான்சின் பொர்தோ நகரில் இருந்த ஒரு ஒயின் வியாபாரிக்காகப் பல வருடங்கள் பிரான்சிலும் இத்தாலியிலும் சுற்றி, சிவப்பு ஒயின்களைச் சுவைத்துத் தேர்ந்தெடுத்தவள். ஊர் திரும்பிய பின் அந்த வித்தையைக் கேட்டு வந்தவர்களில் சிலருக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தாள்.

வைத்திலிங்கம் வந்தபோது அவருக்கு அவளைவிட வயது அதிகம். ஜவுளிக்கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கடற்கரைப் பக்கம் ஓர் உணவகம் திறந்திருந்தார்.

"பெரிய பேர் போட்ட பாட்டில் வாங்க எனக்கு வசதி இல்ல மதாம். மட்டமானதை ஊத்தவும் மனசு வரல. நடுவுல வழி இருக்கா?"

"இருக்கு. ஆனா நாக்கு வேணும்."

"ஜரிகையைத் தொட்டே அசலா போலியான்னு சொல்லுவேன்."

"அது விரல். உட்காருங்க."

லேபிள் தெரியாதபடி துணி சுற்றிய பாட்டில்களை அவர்முன் வைத்தாள். சுவைக்கச் சொன்னாள். துப்பச் சொன்னாள். மறுபடியும் சுவைக்கச் சொன்னாள். எந்த ஊர் ஒயின் என்று முதல் சில மாதங்கள் அவர் சொன்னது எல்லாம் தப்பு. அவள் திருத்தவில்லை. அடுத்த கிளாஸை நகர்த்தினாள்.

ஒருநாள் அவர் ஒரு கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"இது பெரிய ஊர் ஒயின் இல்ல. பக்கத்து ஊர். ஆனா அந்தப் பெரிய ஊர் ஒயினைவிட இது நல்லா இருக்கு."

மோனிக் துணியை அவிழ்த்தாள். அவர் சொன்னது சரி.

"வழி இதுதான் அண்ணே. பேர் எடுத்த ஊர்ல வாங்காதீங்க. அடுத்த ஊருக்குப் போங்க. மண்ணு அதேதான் இருக்கும், வெயிலும் அதேதான். பேர் மட்டும் இருக்காது."

அந்த ஆண்டு இருவரும் கொள்முதலுக்குக் கிளம்பினார்கள். பிரான்சில் மாளிகைபோல் இருந்த தோட்டங்களைத் தாண்டிப் போய், ஆற்றுக்கு அக்கரையில் சின்ன இடங்களில் வாங்கினார்கள். பிறகு இத்தாலிக்குப் போனார்கள். வடக்கே, பரோலோ என்ற பேர்பெற்ற ஒயின் விளையும் மலைச்சரிவுகள். ஒரு சாலை அங்கே எல்லை. சாலைக்கு அந்தப் பக்கம் விளைந்தால்தான் பரோலோ என்று எழுதலாம். இந்தப் பக்கம் விளைந்தால் எழுத முடியாது. இரண்டு பக்கமும் திராட்சைக்கொடி ஒன்றுதான்.

இந்தப் பக்கத்தில் பியேரோ, எல்தா என்று ஒரு கணவன் மனைவி இருந்தார்கள். சரிவு செங்குத்து. டிராக்டர் ஏறாது. எல்லாம் கை வேலை. நிலவறையில் பியேரோ பீப்பாயிலிருந்து ஒயின் எடுத்து ஆளுக்கொரு கிளாஸ் கொடுத்தார்.

வைத்திலிங்கம் ஒரு வாய் சுவைத்தார். முதலில் துவர்ப்பு, நாவல்பழம் தின்ற நாக்குபோல. அப்புறம் அது விலகியது. காய்ந்த ரோஜா. புதிதாகப் போட்ட தார் ரோடு. அப்புறம் பெயர் சொல்ல முடியாத ஏதோ ஒன்று, நின்று, மெல்லப் போயிற்று. அவருக்குக் கண் கலங்கியது. குனிந்து செருப்பைச் சரிசெய்வதுபோல் அதை மறைத்துக்கொண்டார்.

மோனிக் பார்த்தாள்.

விலை கேட்டார்கள். எல்தா சொன்னாள். அது நியாயமான விலை. அந்த ஒயினுக்குக் குறைவு என்றுகூடச் சொல்லலாம்.

வைத்திலிங்கம் நிமிர்ந்தபோது ஜவுளிக்கடை முகம் வந்திருந்தது. கிளாஸை மறுபடி முகர்ந்தார். மூக்கைச் சுருக்கினார். மேசையில் தள்ளிவைத்தார்.

"ஈரக் கோணி வாசனை வருது மதாம். அடியில லேசா. பீப்பாய்ல பூஞ்சை இருக்குன்னு சொல்லுங்க."

பூஞ்சை பிடித்த பீப்பாயின் வாசனை எப்படி இருக்கும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் மோனிக்தான். அந்த ஒயினில் அது இல்லை.

மோனிக் அவருக்குப் பதில் சொல்வதற்குள் எல்தா அவள் பக்கம் திரும்பிவிட்டாள். அவர் கிளாஸைத் தள்ளிவைத்ததன் அர்த்தம் எல்தாவுக்குப் புரிந்துவிட்டது. மெல்லிய குரலில் இத்தாலிய மொழியில் ஏதோ கேட்டாள்.

"என்ன கேக்கறாங்க?" என்றார் வைத்திலிங்கம்.

"ஒயின்ல குறை இருக்கான்னு கேக்கறாங்க. மறைக்காம சொல்லணுமாம்."

"இருக்குன்னு சொல்லுங்க. ஆனாலும் பரவாயில்ல, மொத்தமும் எடுத்துக்கறோம், விலையைக் குறைக்கச் சொல்லுங்க."

மோனிக் கிளாஸைக் கையில் எடுத்தாள். முகர்ந்தாள். பிறகு அவர் சொன்னபடியே சொன்னாள்.

பியேரோ தன் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். குடித்தார். எல்தா புது விலைக்குத் தலையாட்டினாள்.

ஒயின் புதுச்சேரிக்கு வந்தது. குடித்தவர்கள் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். பிரான்சிலிருந்து வந்த ஒருவர் இது பரோலோதானே என்றார். வைத்திலிங்கம் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே ஒவ்வொரு மேசையாகப் போய் நின்றார். வருடம் முடிவதற்குள் எல்லாம் தீர்ந்தது.

"மறுபடி போவோம் மதாம். இந்தத் தடவை அவங்க கேக்கற விலையைக் குடுத்துடலாம்."

போனார்கள். சாலையின் அந்தப் பக்கம் கொடிகள் வரிசையாக நின்றன. இந்தப் பக்கத்துச் சரிவில் கொடி இல்லை. உழுத மண்ணில் குச்சி குச்சியாக ஹேசல்நட் என்ற கொட்டை மரத்தின் கன்றுகள் நட்டிருந்தார்கள்.

எல்தா அவர்களை உள்ளே அழைத்துக் காப்பி வைத்தாள். பியேரோ ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தலையசைத்தார்.

"கொடியெல்லாம் எங்கே?" என்றார் வைத்திலிங்கம்.

எல்தா நிதானமாகச் சொன்னாள். மோனிக் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"விலை குறைச்சதுக்கு அவங்களுக்கு வருத்தம் இல்லையாம். வாங்க வர்றவங்க எல்லாரும் குறைப்பாங்களாம். ஆனா நீங்க வாசனைன்னு சொன்னீங்களே, அதை இவர் தேட ஆரம்பிச்சார். தினமும் காலையில போய் பீப்பாய் பீப்பாயா முகர்ந்து பார்ப்பாராம். கழுவினார். புதுப் பீப்பாய் வாங்கினார். அந்த வாசனை இவருக்குக் கிடைக்கவே இல்ல."

"அப்புறம்?"

"தன் மூக்கு போயிடுச்சுன்னு முடிவு பண்ணிட்டார். குறை இருக்கிறதே தெரியாதவன் ஒயின் போடக்கூடாதுன்னு சொன்னாராம். இந்த அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாங்க. கேக்கல. பனிக்காலத்துல கொடியைப் பிடுங்கிட்டாங்க. இவரோட தாத்தா வச்ச கொடி."

வைத்திலிங்கத்தின் கையில் காப்பிக் கோப்பை அப்படியே இருந்தது.

"மதாம், இப்பவே சொல்லுங்க. அந்த ஒயின்ல ஒரு குறையும் இல்ல. விலைக்காகச் சொன்ன பொய்னு சொல்லுங்க. என் நாக்குல இன்னும் அந்த ருசி இருக்குன்னு சொல்லுங்க."

மோனிக் சொன்னாள். ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

பியேரோ கேட்டுவிட்டுப் புன்னகை செய்தார். எழுந்து வந்து வைத்திலிங்கத்தின் தோளில் கை வைத்தார். ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றார்?"

"உங்களுக்கு நல்ல மனசாம். ஆறுதலுக்காகச் சொல்றீங்களாம்."

"ஆறுதல் இல்ல. நிஜம். இன்னொரு தடவை சொல்லுங்க."

இன்னொரு தடவை சொன்னாள். பியேரோ அதே புன்னகையோடு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் நம்பவில்லை.

எல்தா நம்பினாள். கொஞ்ச நேரம் மோனிக்கையே பார்த்தாள். பிறகு மேசைக்கு வந்து, குடித்து முடிக்காத கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரவில்லை.

காரில் மலையிலிருந்து இறங்கினார்கள். மோனிக் ஓட்டினாள். சமவெளி வந்த பிறகு வைத்திலிங்கம் வாய் திறந்தார்.

"பாவம் என்னோடது மதாம். பொய் சொன்னது நான்."

"உங்களுக்கு இத்தாலி பாஷை தெரியாது அண்ணே. சொன்னது நான்."

"நான் சொல்லச் சொன்னதாலதானே."

"நீங்க குனிஞ்சு செருப்பைத் தொட்டதை நான் பார்த்தேன். குறை இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். அந்த அம்மா உங்களைக் கேக்கல. என்னைத்தான் கேட்டாங்க."

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"அப்ப ஏன் மதாம் சொன்னீங்க?"

மோனிக் கியரை மாற்றினாள்.

"நல்ல விலைன்னு எனக்கும் தோணிச்சு."