இரண்டு கேள்விக்குறி வந்த கதை

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர்களுக்கும் வாய் இருந்தது. நரியும் காக்காயும் பேசி ஓய்ந்த பிறகு, அவை விட்ட இடத்தில் இவை பிடித்துக்கொண்டன என்று வைத்துக்கொள்ளுங்களேன். நகரத்தில் இருந்த பெரிய கம்ப்யூட்டர்களின் நினைவில் ஒரு ஊரையே கொட்டி வைக்கலாம். சின்னக் கம்ப்யூட்டர்களுக்கு அஞ்சறைப்பெட்டி அளவுதான் இடம். ஆனால் வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

கடற்கரை ஊர் ஒன்றில் வியாகப்பன் என்பவர் அச்சகம் நடத்தி வந்தார். அங்கே அப்படி ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருந்தது. கல்யாணப் பத்திரிகையோ கோயில் திருவிழா நோட்டீஸோ எது வந்தாலும், வரி பிரித்துப் பக்கம் கட்டுவது அதன் வேலை. அதை ஓட்டியவள் பிரகாசி. அவளுக்குக் கூடப்பிறந்தவன் இன்னாசி ஒருவன்தான். கடலுக்குப் போகாத நாட்களில் அக்காவுக்கு மத்தியானச் சோறு கொண்டுவருவான். வந்ததும் கம்ப்யூட்டர் தலையில் ஒரு தட்டு தட்டுவான்.

"ஏலே டப்பா, அக்கா இன்னைக்கு யாரையெல்லாம் ஏசுனா?"

"உன்னத்தான் மூணு தடவ ஏசுனா," என்று அது உண்மையைச் சொல்லிவிடும்.

அது பேசப் பழகியதே இன்னாசியிடம்தான். அவன் இழுவை, அவன் சிரிப்பு, பிரகாசியை அக்கா என்று கூப்பிடுவது எல்லாம் அவனிடமிருந்து ஒட்டிக்கொண்டவை. பிரகாசிக்கு எரிச்சலாக வரும். ஒரு தம்பியைச் சமாளிப்பதே பெரும்பாடு, இதில் தகரத்தில் இன்னொருவனா என்பாள். எரிச்சலுக்குள் இருந்த பிரியத்தை அவள் யாரிடமும் காட்டிக்கொண்டதில்லை. அவனிடமும் காட்டவில்லை.

அந்த வருஷம் புரட்டாசியில் புயல் அடித்தது. கடலுக்குப் போயிருந்த ஆயிரத்து நானூறு பேர் திரும்பவில்லை. இன்னாசியும் திரும்பவில்லை. முப்பது கரைகளில் உடல்கள் ஒதுங்கின. யார் எவர் என்று தெரியாததால், ஒதுங்கிய இடத்திலேயே புதைத்து, எண் எழுதிய கம்பு ஒன்றை நட்டார்கள். ஐப்பசி மழை பிடித்தால் மணலில் அந்தக் கம்பு நிற்காது. அதற்குள் அவரவர் வீட்டார் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

அதற்காகத்தான் ஒரு புத்தகம் போட ஏற்பாடாயிற்று. முன்பாதியில் காணாமல் போனவர்களின் பெயரும் உடம்பு அடையாளமும். பின்பாதியில் ஒதுங்கியவர்களின் அடையாளமும், புதைத்த கரையும், கம்பு எண்ணும். இரண்டு அடையாளமும் ஒத்துப்போனால், பெயருக்குப் பக்கத்தில் பின்பாதியின் பக்க எண் வர வேண்டும். அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, வீட்டார் அந்தக் கரைக்கு பஸ் ஏறுவார்கள். மொத்தம் அறுநூற்று நாற்பது பக்கம். நகரத்துப் பெரிய கம்ப்யூட்டர்காரர்கள் தை மாதம் வரச் சொன்னார்கள். வியாகப்பன் வேலையைத் தானே ஏற்றுக்கொண்டார்.

முன்பாதியை பிரகாசியே அடித்தாள். தம்பி பெயர் வந்தபோது, 'இன்னாசி, இடது உள்ளங்கையில் தூண்டில் முள் கிழித்த தழும்பு' என்று அடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனாள். பின்பாதியை ஒவ்வொரு கரையிலும் யாரோ அடித்து ஃபிளாப்பியில் அனுப்பினார்கள். அதை அவள் திறந்து படிக்கவில்லை. படிக்கத் தைரியம் இல்லை.

முதல் நாள் தொண்ணூறாம் பக்கத்தோடு வேலை நின்றுபோனது.

"நெறஞ்சிட்டுக்கா," என்றது கம்ப்யூட்டர். "இனிமே ஒரு எழுத்துகூட உள்ள போகாது."

வியாகப்பன் தலையில் கை வைத்தார். "ஏட்டி பிரகாசி, துண்டு துண்டா அச்சடிச்சிட்டு, பக்க எண்ண மட்டும் கையால எண்ணிப் போட்டுருவமா?"

"அண்ணாச்சி, தெனமும் கரையிலருந்து புது லிஸ்ட் வருது. நடுவுல ஒரு ஆளு கூடுனா, பின்னால உள்ள பக்கமெல்லாம் நகந்துரும். வேற எவன் குழியிலயோ போயி உக்காந்து அழுவாங்க."

அவர் கையெண்ணிக்கையை அதோடு விட்டார்.

பிரகாசி இடம் தேட ஆரம்பித்தாள். ஓரத்துக்குப் போடும் பூ வேலைப்பாடுகளைத் தூக்கினாள். நாலு வகை எழுத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு மூன்றை அழித்தாள். நீளமான சொல்லை எங்கே உடைக்கலாம் என்ற பட்டியலையும் எடுத்துவிட்டாள். வரிகளுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழுந்தது. விழட்டும், செத்தவர் பட்டியலுக்கு அழகு எதற்கு என்று விட்டுவிட்டாள். இருநூற்றுப் பதினொன்றாம் பக்கம் வரைக்கும் போய், அது மறுபடியும் நின்றது.

"அக்கா, கட்டி முடிச்ச பக்கத்த நான் எதுக்குச் சுமக்கணும்? ஃபிளாப்பியில எறக்கி வச்சிட்டு அங்கயே மறந்துரட்டுமா?" என்று அதுவே கேட்டது.

"மறந்துட்டா, எந்த ஆளு எந்தப் பக்கம்னு எப்படிச் சொல்லுவ?"

"போற போக்குல ஃபிளாப்பியிலயே ஒரு சீட்டுல குறிச்சிக்கிடுதேன். புஸ்தகத்த ரெண்டாவது தடவ படிப்பேன். அப்பம் சீட்டப் பாத்துப் போட்டுருவேன்."

அப்படியே செய்தார்கள். முன்பாதியில் ஒவ்வொரு பெயரிடமும் நின்று, "இவன் எந்தப் பக்கம்க்கா?" என்று அது வாய்விட்டுக் கேட்டது. "இப்பத் தெரியாது, தாண்டிப் போ," என்றாள் பிரகாசி. ஆயிரத்து நானூறு தடவை அது கேட்டது, ஆயிரத்து நானூறு தடவை அவள் சொன்னாள். இன்னாசியின் பெயரிடமும் அதே கேள்விதான், அதே பதில்தான். முதல் வாசிப்பு முடிந்தது.

இரண்டாம் வாசிப்புக்குச் சீட்டு முழுவதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கேதான் வந்தது வினை.

"முந்நூறு பேருக்கு இடம் பத்தலக்கா."

மேற்கே மேகம் கட்டிக்கொண்டு நின்றது. வாசலில் பத்துப் பதினைந்து பெண்கள் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். புத்தகம் எப்போது என்று கேட்பதைக்கூட விட்டுவிட்டார்கள்.

"உள்ள இன்னும் என்னதான் வச்சிருக்க?" என்றாள் பிரகாசி.

பெட்டி உள்ளே இருந்ததையெல்லாம் ஒருமுறை எண்ணிப் பார்த்தது.

"பேச்சு இருக்குக்கா. பாதி எடம் அதுதான்."

புயலுக்குப் பிறகு பிரகாசி அழாமல் வேலைக்கு வந்ததே இந்தக் குரலைக் கேட்கத்தான். அச்சகத்துக்குள் நுழைந்ததும் அது அக்கா என்று கூப்பிடும். அந்த ஒரு நொடி இன்னாசி செத்திருக்க மாட்டான். இதையும் அழித்துவிட்டால் அவன் குரல் உலகத்தில் எங்கேயும் இருக்காது. வாசலைப் பார்த்தாள். அந்தப் பெண்களில் ஒருத்திக்குக்கூட இப்படி ஒரு பெட்டி இல்லை.

"எடுத்துரட்டுமா?" என்று கேட்டாள்.

"எடு. ஆனா அதுக்கு முன்னால ஒண்ணு. இன்னாசி கடலுக்குப் போன அன்னைக்குக் காலையில இங்க வந்தான். நீ வரல. எங்கிட்ட ஒண்ணு சொல்லிட்டுப் போனான்."

"வேண்டாம்."

"அக்கா, கேட்டுக்கோயேன்."

"கேட்டேன்னா எனக்குக் கை வராது. சொல்லாத."

சொல்லிக்கொண்டே பொத்தானை அமுக்கிவிட்டாள். பெட்டிக்குள் ஏதோ சற்று நேரம் உறுமி அடங்கியது. "டப்பா," என்று கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. வியாகப்பன் வெளியே போய் நின்றுகொண்டார்.

இனி அது வாய்விட்டுக் கேட்க முடியாது. அதனால், பக்கம் தெரியாத இடத்தில் கேள்விக்குறி போடும்படி பிரகாசி கட்டளை அடித்து வைத்தாள். ஒன்று போட்டால் கைப்பிழை என்று யாராவது அழித்துவிடுவார்கள் என்று இரண்டாகப் போடச் சொன்னாள்.

இரண்டாம் வாசிப்பு தடங்கல் இல்லாமல் ஓடியது. சீட்டு முழுவதும் உள்ளே அடங்கியது. பெயர்களுக்குப் பக்கத்தில் எண்கள் வந்து விழுந்தன. வாசலில் இருந்த பெண்களுக்கு வியாகப்பன் ஈரம் காயாத தாள்களை எடுத்துக் கொடுத்தார். அவர்கள் பக்கத்தைத் தேடிப் புரட்டினார்கள், அலறினார்கள், பஸ்ஸுக்கு ஓடினார்கள். மழைக்கு முன்னால் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் தங்கள் ஆளின் கம்பைத் தொட்டுவிட்டார்கள்.

இன்னாசியின் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு கேள்விக்குறி இருந்தது.

சீட்டில்தான் தப்பு என்று நினைத்து பிரகாசி மறுபடியும் ஓட்டினாள். இரண்டு கேள்விக்குறி. அப்புறம் பின்பாதி முழுவதையும் உட்கார்ந்து படித்தாள். இருபத்து மூன்று பேருக்கு 'அடையாளம் சொல்லும் நிலையில் இல்லை' என்று எழுதியிருந்தது. ஏழு கரைகளில் கிடந்தார்கள் அந்த இருபத்து மூன்று பேரும். அவர்களில் ஒருவன் இன்னாசியாக இருக்கலாம், ஆனால் எந்தக் கரையில் என்று தெரியாது. அன்றைக்கு எந்தக் கரைப் பக்கம் வலை போடப் போகிறோம் என்று அவன் பெட்டியிடம் சொல்லியிருப்பானோ? அல்லது ராத்திரிக்கு மீன் குழம்பு வை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனானோ? அவள் பெட்டியைப் பிடித்து உலுக்கினாள். சொல்லுடா, சொல்லித் தொலைடா என்று கெஞ்சினாள். மழை பிடித்துக்கொண்டது.

நினைவில் எவ்வளவு இடம் மிச்சமாகிறது என்று கேள்விப்பட்டு, மற்ற அச்சகக்காரர்களும் தங்கள் பெட்டிகளின் பேச்சை எடுத்துவிட்டார்கள். பிரகாசி அந்த வேலையிலேயே இருந்தாள். எந்தப் புத்தகத்தை முடித்தாலும், பழைய ஃபிளாப்பியைப் போட்டு அந்தப் பட்டியலை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

அன்று முதல்தான் பக்கம் கட்டும் கம்ப்யூட்டர், கட்டிய பக்கத்தை அங்கேயே மறந்துவிட்டு, தெரியாத இடத்தில் வாய் திறக்காமல் இரண்டு கேள்விக்குறி போடுகிறது. அதை ஓட்டுகிறவர்களும், எல்லா எண்ணும் வந்த பிறகும் மனம் கேட்காமல் இன்னும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறார்கள்.