போயிட்டு வாங்க

நார்வேக்காரர் ஹென்ரிக், தன் சின்ன பென்ஷனுக்குத் தோதான வாடகை வீட்டை உலகமெல்லாம் தேடிக் கடைசியில் ஓட்டப்பாறையில் கண்டுபிடித்தார். ஆறே மாதத்தில் தமிழும் வந்துவிட்டது, வீட்டுக்காரர் மாயழகுவின் மிரட்டலும் வந்துவிட்டது.

"என் மச்சினன் குடிவர்றான். இன்னைக்கே காலி பண்ணணும்!"

வேடிக்கை பார்க்க ஊரே கூடியது. ஹென்ரிக் பெட்டியோடு வாசலில் பணிவாக நின்றார். "அப்ப நான் கிளம்பட்டுங்களா?"

மாயழகுவின் வாய் பழக்கதோஷத்தில் சொன்னது: "போயிட்டு வாங்க."

ஹென்ரிக் பஸ் ஸ்டாப் வரை போனார். திரும்பி வந்தார்.

"என்னய்யா, வந்துட்டே?"

"நீங்கதானே வரச் சொன்னீங்க?"

கூட்டம் கெக்கலி கொட்டியது. மாயழகு மறுபடி வழியனுப்பினார். மறுபடி அதே வார்த்தை, மறுபடி ஆள் ஆஜர். மூன்றாம் தடவை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு "போ..." என்று ஆரம்பித்ததும், அவர் பெண்டாட்டி பாய்ந்து வந்து வாயைப் பொத்தினாள்.

"பொண்ணுக்கு நிச்சயம் வச்சிருக்கோம். வெள்ளிக்கிழமையும் அதுவுமா வாசல்ல நின்னு அந்த வார்த்தையைச் சொல்லுவீங்களா?"

மாயழகு துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி, இருந்து தொலைங்க. நான் போயிட்டு வர்றேன்."

ஹென்ரிக் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு, கைகூப்பிச் சொன்னார்:

"போங்க."