நாற்பது வட்டங்கள்

"ஒரு வட்டம் தப்பாப் போட்டா ஒரு மார்க்கைப் பிடுங்குறாங்க டீச்சர். என் பொண்டாட்டியைக் கொன்னவன்கிட்ட என்னத்தப் பிடுங்கினாங்க?"

தவசிமுத்து மாதிரித் தேர்வு விடைத்தாளை மேசைமேல் வைத்தான். வைத்தான் என்ன, அறைந்தான்.

ஜீனத் டீச்சர் தாளை எடுத்து, மடங்கியிருந்த மூலையை விரலால் நிமிர்த்தினார்.

சங்கரன்கோவிலில் ஒரு கல்யாண மண்டபம். அதன் மாடியில் அந்த வகுப்பு நடந்தது. மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். கீழே முகூர்த்தம் இருந்தால் மேலே மேளச் சத்தத்தில் பாடம் கேட்காது. நாற்பது பிள்ளைகள், எல்லாருக்கும் பதினேழு, பதினெட்டு வயது. நடுவில் முப்பத்தெட்டு வயதில் தவசிமுத்து.

டீச்சருக்கே இருபத்தொன்பதுதான். அவர் இவனை அண்ணே என்பார். பிள்ளைகளுக்கு இவன் சித்தப்பா.

முதல் நாள் அவன் உள்ளே வந்தபோது, தண்ணீர் கேன் போட வந்த ஆள் என்று நினைத்து, "அந்த மூலையில வச்சிருங்க" என்றாள் இசக்கியம்மாள் என்ற பிள்ளை. அவன் அதை இன்றுவரை மறக்கவில்லை. ஆனால் காலை நீட்டி உட்கார வசதியான பெஞ்சு அவள் பக்கத்தில்தான் இருந்தது. அங்கேதான் உட்கார்ந்தான். அதையும் ஒரு வஞ்சமாகவே வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அவன் பால் வண்டி ஓட்டுகிறவன். பத்தாம் வகுப்போடு நின்றவன். எதற்கு இந்த வயதில் இந்த வேலை என்று ஊரில் கேட்காத ஆள் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அவன் ஒரே கதையைத்தான் சொன்னான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதம். புழுக்கம் தாங்காமல் அவன் மனைவி வடிவு தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். விடியும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை, வீக்கம் இல்லை. ஆனால் இமை தொங்கியது. பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

டாக்டர் அவளைத் தொட்டுக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. ஏதோ ஊசி எழுதினார்.

"வாயுவாத்தான் இருக்கும்."

தவசிமுத்து விடவில்லை. கண்ணைத் திறக்க முடியலை சார், இமையைப் பாருங்க சார் என்று இரண்டு தடவை சொன்னான். மூன்றாவது தடவை சொல்லும்போது டாக்டர் தலையைத் தூக்கினார்.

"நீ டாக்டரா?"

பத்து மணிக்கு அவளுக்கு மூச்சு இழுத்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், வண்டியிலேயே முடிந்தது. கட்டுவிரியன் கடி என்று அங்கே சொன்னார்கள். பல் பட்ட தடம்கூடத் தெரியாதாம். இரண்டு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் மருந்து இருந்ததாம்.

அந்த டாக்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. மாடி மேல் மாடி கட்டினார்.

தவசிமுத்து திறந்தநிலைப் பள்ளியில் சேர்ந்தான். பால் கேன்களுக்கு நடுவில் புத்தகத்தை வைத்துப் படித்தான். பிளஸ் டூ எழுதி முடித்தான். தினமும் காலையில் அந்த ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தி மூன்று தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போவான். ஒருநாள் டாக்டரே வெளியே வந்து, என்னய்யா வேணும் என்று கேட்டார்.

"இப்ப ஒண்ணும் வேணாம்" என்று கியர் போட்டான்.

நுழைவுத் தேர்வு எழுதுவது இது மூன்றாவது தடவை. போன வருஷம் பத்தொன்பது மார்க்கில் இடம் போயிற்று. இந்த வருஷத் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம்.

சரியான பதிலுக்கு நாலு மார்க் வரும், தப்புக்கு ஒரு மார்க் போகும். தெரியாத கேள்வியை விட்டுவிட்டுப் போனால் மார்க் போகாது. இது பிள்ளைகளுக்கெல்லாம் முதல் மாதமே தெரிந்த சங்கதி. தவசிமுத்து மட்டும் ஒரு வட்டத்தையும் வெறுமையாக விட்டதில்லை. நூற்றெண்பது கேள்விக்கும் நூற்றெண்பது கறுப்பு வட்டம். பேனாவில் மை இருக்கிற வரைக்கும் சித்தப்பா விடமாட்டார் என்று பிள்ளைகள் சிரித்தார்கள்.

"வெறுமையா விட்டா என்ன அர்த்தம்? தெரியாதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்குற மாதிரி. நீ டாக்டரான்னு கேட்டு, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னவன் ஒருத்தன் போதும். நானும் சொல்லணுமா?" என்று டீச்சரிடம் சீறினான் தவசிமுத்து.

டீச்சர் தாளை அவன் பக்கமே திருப்பி வைத்தார்.

"இனிமே உங்க தாளை நான் திருத்த மாட்டேன்."

"என்ன டீச்சர் சொல்றீங்க?"

"நீங்களே திருத்துங்க. தெரியாமப் போட்ட வட்டம் எதெதுன்னு உங்களுக்குத் தெரியும். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல, போடும்போது மனசுல என்ன சொன்னீங்களோ அதை எழுதுங்க. மாத்தி எழுதக் கூடாது."

"எழுதினா?"

"எழுதிட்டு வாங்கண்ணே."

நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு இறங்கினான். படியெல்லாம் பொருமிக்கொண்டே போனான். தன்னைவிட ஒன்பது வயது சின்னவள். வலி என்றால் என்னவென்று அவளுக்கு என்ன தெரியும்? இனி இந்தப் படி ஏறினால் பார் என்று கல்யாண மண்டபத்து வாழைமரத்திடம் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் ஏறினான். வேறு எங்கே போவான்?

தாளின் ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. தெரியாமல் போட்டது நாற்பது. அதில் மூன்று சரி, முப்பத்தேழு தப்பு. மூன்று பன்னிரண்டைக் கொடுத்தது, முப்பத்தேழு முப்பத்தேழையும் எடுத்துக்கொண்டது. இருபத்தைந்து மார்க் அந்த நாற்பது வட்டத்தில் போயிருந்தது. போன வருஷத்துப் பத்தொன்பது அவனுக்கு ஞாபகம் வந்தது. அதற்கும் டீச்சர்மேல்தான் கோபம் வந்தது.

"வாசிங்க" என்றார் டீச்சர்.

"இங்கேயா?"

"இங்கதான் போட்டீங்க. இங்கயே வாசிங்க."

பிள்ளைகள் திரும்பி உட்கார்ந்தார்கள். தவசிமுத்து எழுந்து நின்றான். தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, யாரையோ திட்டுகிற குரலில் வாசித்தான்.

"மூணாவது கேள்வி. சும்மா போட்டது."

"ம்."

"ஒன்பது. மூணாவது வட்டம் போட்டு நாளாச்சு."

இசக்கியம்மாள் சிரித்தாள். அவளைப் பார்த்து ஒரு முறைப்பு முறைத்துவிட்டு மேலே போனான்.

"பதினாலு. இவனுகளுக்குப் பயப்படவா."

இப்போது எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"இருபத்தி ரெண்டு. பார்த்துக்கலாம். இருபத்தி ஏழு. நேத்துப் படிச்ச மாதிரி இருந்தது. முப்பத்தி ஒண்ணு."

நின்றான்.

"முப்பத்தி ஒண்ணு?" என்றார் டீச்சர்.

"இதுவாத்தான் இருக்கும்."

"ம்."

"முப்பத்தி ஆறு. இதுவாத்தான் இருக்கும்." குரல் இறங்கியது. "நாப்பது. இதுவாத்தான்..."

அந்தக் கதையை அவன் அந்த மாடியில் நூறு தடவை சொல்லியிருந்தான். 'வாயுவாத்தான் இருக்கும்' என்று டாக்டர் சொன்னது எல்லாப் பிள்ளைக்கும் மனப்பாடம். யாரும் சிரிக்கவில்லை.

தாளில் இன்னும் முப்பத்திரண்டு இருந்தது. அவன் வாசிக்கவில்லை. தாளைக் கீழே இறக்கினான்.

"அவனை மன்னிக்கச் சொல்றீங்களா?"

"அவரைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசலையேண்ணே. உங்க தாளை வாசிக்கச் சொன்னேன்."

"மன்னிக்க மாட்டேன்."

"மன்னிக்காதீங்க."

டீச்சர் மேசை இழுப்பறையிலிருந்து புது வினாத்தாளும் விடைத்தாளும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு இதை எழுதுங்க."

மறுநாள் காலையில் தவசிமுத்து ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தினான். ஹாரனை மூன்று தடவை அடித்தான். மூன்றாவது தடவை கொஞ்சம் நீளமாகவே அடித்தான்.

இரண்டு மணிக்கு மாடியில் தாள் முன்னால் உட்கார்ந்தான். கீழே யாருக்கோ நலங்கு. மேளம் முழங்கியது. முதல் வரிசை வட்டங்களை நிரப்பினான். கை வேகமாகப் போயிற்று. பதினாலாவது கேள்வியில் நின்றது.

கேள்வியை மூன்று தடவை படித்தான். நான்கு பதிலையும் மாறி மாறிப் பார்த்தான். பேனா முனை இரண்டாவது வட்டத்தின் மேல் வந்து, அதைத் தொடாமல், அங்கேயே நின்றது. பல்லைக் கடித்தான்.

பேனாவைத் தூக்கிப் பதினைந்துக்குப் போனான்.

மூன்று மணி நேரம் முடியப்போகும்போது இசக்கியம்மாள் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அவசரம். மணி அடிக்கப் போகிறது.

"சித்தப்பா, பதினாலாவதை விட்டுட்டீங்க. சீக்கிரம் போடுங்க."

"மறந்து விடல."

"வெறுமையா இருக்கே?"

"தெரியாது" என்றான் தவசிமுத்து.