திரையில் முப்பத்தாறரை

கோவையில் ஒரு சின்ன தொழிற்சாலை. குறைமாதக் குழந்தைகளை வைத்துக் காக்கும் இன்குபேட்டர் பெட்டிகளை அங்கே செய்கிறார்கள். மருதாசலம் அங்கே சர்க்யூட் போர்டுகளோடு மாரடித்தே தலை நரைத்தவர். நாற்பதைத் தாண்டிய பிறகு ப்ரோக்ராம் எழுதக் கற்றுக்கொள்ள பர்வீன் தலைமையிலான பிரிவுக்கு வந்தார்.

பர்வீன் வயதில் இளையவர். ஆனாலும் மருதாசலத்துக்கு அவர் மேடம். பர்வீனுக்கு இவர் சார். யார் குரு என்பதில் இருவருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

புதுப் பெட்டி ஒன்று பாடாய்ப் படுத்தியது. சூட்டை அளக்கும் சென்சார் ஒழுங்காக முப்பத்தாறரை டிகிரி என்று சொல்லிக்கொண்டே இருக்கும். திடீரென்று இருநூறு என்று உளறும். உடனே ஹீட்டர் அணைந்து அலாரம் அடிக்கும். மறுநாள் பெட்டி ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். இதைச் சரிசெய்யாவிட்டால் பழைய சர்க்யூட் போர்டு மேஜைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மருதாசலத்துக்கு உள்ளூர நடுக்கம்.

மத்தியானம் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

“சரி பண்ணிட்டேனுங்க மேடம். சால்டரிங் அயர்னைத் தொடவே இல்லைங்க. எல்லாம் ப்ரோக்ராம்லயே.”

“என்ன பண்ணுனீங்க?”

“ரெண்டு வரிதானுங்க. தாறுமாறா ஒரு அளவு வந்தா கண்டுக்காதே, அதுக்கு முந்தி வந்த நல்ல அளவையே வெச்சுக்கோன்னு எழுதிட்டேன். அப்புறம் அலாரம் அடிக்கவே இல்லைங்க.”

பர்வீன் பெட்டியைப் பார்த்தார். திரையில் முப்பத்தாறரை.

“இனி என்னை ப்ரோக்ராமர்னு சொல்லிக்கலாமுங்களா?” மனிதருக்கு ஆசை அடங்கவில்லை.

பர்வீன் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு சென்சார் வயரைப் பிடுங்கி மேஜைமேல் போட்டார்.

“டீ குடிச்சிட்டு வரலாம் வாங்க சார்.”

திரும்பி வந்தபோது வயர் போட்ட இடத்திலேயே கிடந்தது. திரையில் அதே முப்பத்தாறரை. இன்னும் கொஞ்சம் சூடு வேண்டும்போல என்று ஹீட்டர் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. அலாரம் மூச்சு விடவில்லை.

“உள்ள கையை வெச்சுப் பாருங்க.”

மருதாசலம் வைத்தார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். குழந்தையைப் படுக்க வைக்கும் மெத்தை அனலாய்க் கொதித்தது.

“ஐயோ” என்றபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“வயர் கழண்டதும் தாறுமாறான அளவா சென்சார் அலறிட்டுத்தான் இருந்துச்சு. நீங்க பெட்டியோட காதைப் பொத்திட்டீங்க” என்றார் பர்வீன். பிறகு போனை எடுத்து, பெட்டி நாளைக்கு வராது என்று ஆஸ்பத்திரிக்குச் சொன்னார்.

மருதாசலம் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

“நான் பழைய மேஜைக்கே போயிடறேனுங்க மேடம். இந்த வேலைக்கு நான் லாயக்கில்லைங்க.”

பர்வீன் வயரை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“ப்ரோக்ராம் எழுத இங்க நிறையப் பேர் இருக்காங்க சார். வயர் அலறுனா, ஏன் அலறுதுன்னு போய்ப் பார்க்கற ஆளுன்னுதான் உங்களை நான் கேட்டு வாங்குனேன்.”